பத்து ஓட்டை... ஐந்தாறு ராகம்!

'ஷோலே' (1975) படத்தில் அமிதாப் பச்சன் மவுத் ஆர்கன் ஊதினாலும் ஊதினார், அன்றிலிருந்து முதல் மாதச் சம்பளத்தில் அதை வாங்காத பிரம்மச்சாரிகள் குறைவு. மூன்றாவது மாதம் அது எங்கே இருக்கும் தெரியுமா? பீரோவில், பழைய பாஸ்புக்குகளுக்குக் கீழே.

காரணம் சோம்பல் என்று நினைத்தால் தப்பு. நான் கணக்கு எழுதப் போகும் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவு இளைஞர் ஒருவர் காரணம் சொன்னார். "டிஃபெக்ட் பீஸ் சார். ஸ, ரி, க வருது. 'ம'வைக் காணோம். 'ப' இருக்கு, 'த' இல்லை. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

ஏமாற்றவில்லை. அதன் டிசைனே அப்படித்தான்!

பத்து ஓட்டை ஹார்மோனிகாவைத்தான் சொல்கிறேன் (இரட்டை வரிசை ஓட்டை உள்ளது வேறு ரகம்). ஒவ்வோர் ஓட்டைக்கும் இரண்டு ரீடு. ஊதினால் ஒன்று பேசும், உறிஞ்சினால் இன்னொன்று. ஆக மொத்தம் இருபது. ஜெர்மனியில் ட்ராசிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857-ல் இந்த வியாபாரத்தில் இறங்கினார். அவர் கம்பெனியின் புகழ்பெற்ற 'மரைன் பேண்ட்' 1896-ல் வந்தது. அதில் இருக்கும் சுருதி அமைப்புக்கு 'ரிக்டர்' என்று பெயர்.

ஜெர்மன் கிராமத்துப் பாட்டுக்கு இரண்டு கார்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'சி' சுருதி (நம் கணக்கில் ஒரு கட்டை) ஹார்மோனிகாவில் கீழ்ப்பக்கம் ஊதினால் ஸ-க-ப. உறிஞ்சினால் ப-நி-ரி. இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்கியதில் கீழ் ஸ்தாயியில் 'ம'வும் 'த'வும் காலி. 'ப' மட்டும் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது: மூன்றாம் ஓட்டையை ஊதினாலும் 'ப', இரண்டாம் ஓட்டையை உறிஞ்சினாலும் 'ப'. பி.காம். படித்தவனுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. டபுள் என்ட்ரி!

முழு ஸ்வரமும் ஒழுங்காக இருப்பது நடு ஸ்தாயியில்தான். நான்காம் ஓட்டையிலிருந்து ஏழு வரை சுத்தமான சங்கராபரணம்.

உறிஞ்சினால் அழும்!

ஜெர்மானியர்கள் இதை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் கலைஞர்கள் கையில் அது வேறு பிறவி எடுத்தது. 'சி' ஹார்மோனிகாவில் 'சி'யை ஸ-வாக வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவர்கள் 'ஜி'யை, அதாவது பழைய 'ப'வை, ஸ-வாக வைத்துக்கொண்டார்கள். முக்கிய ஸ்வரங்கள் பலவும் உறிஞ்சுகிற பக்கம் வந்துவிட்டன. அங்கே வாய்க்குள் நாக்கை லேசாகப் பின்னால் இழுத்து மாற்றினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். 'பெண்டிங்' என்பார்கள். கேட்டால் ஆள் அழுகிற மாதிரியே இருக்கும். ப்ளூஸ் இசைக்கு வேறென்ன வேண்டும்?

லிட்டில் வால்டர் 1952-ல் வெளியிட்ட 'ஜூக்' இப்படி வாசித்ததுதான். இதற்கு இரண்டாம் பொசிஷன் என்று பெயர்.

பொசிஷன் எண்ணுவது சுலபம். இப்போதைய ஸ-வுக்கு 'ப' எதுவோ, அதுதான் அடுத்த பொசிஷனின் 'ஸ'. சி, ஜி, டி, ஏ என்று போகும். மொத்தம் பன்னிரண்டு. நம் பாட்டு வாத்தியார்கள் கேட்டால், "அட, இது கிரக பேதம்தானே!" என்பார்கள். அதேதான். ஸ-வை இடம் மாற்றினால் ராகம் மாறிவிடும்.

* இரண்டாம் பொசிஷன் (ஐந்து கட்டை): ஹரிகாம்போஜி. இரண்டாம் ஓட்டையை உறிஞ்சி ஆரம்பிக்க வேண்டும். 'ரி' மட்டும் கிடையாது. மூன்றாம் ஓட்டையை உறிஞ்சி, ஒரு முழு ஸ்வரம் வளைத்து இறக்க வேண்டும்.

* மூன்றாம் பொசிஷன் (இரண்டு கட்டை): கரஹரப்ரியா. நான்காம் ஓட்டையை உறிஞ்சி ஆரம்பித்து, எட்டாம் ஓட்டையை உறிஞ்சி முடிக்கலாம். வளைக்கவே வேண்டாம்.

* நான்காம் பொசிஷன் (ஆறு கட்டை): நடபைரவி. ஆறாம் ஓட்டையை உறிஞ்சி ஆரம்பம், பத்தாம் ஓட்டையை உறிஞ்சி முடிவு. இதிலும் வளைவு இல்லை.

செல்போனில் தம்பூரா ஆப் இருக்கிறதல்லவா? அதில் இரண்டு கட்டை வைத்துக்கொண்டு கரஹரப்ரியாவை ஊதிப் பாருங்கள். தம்பூராவை ஒரு கட்டையிலேயே விட்டால் பழைய சங்கராபரணம்தான் கேட்கும். காது தம்பூரா சொல்வதைத்தான் நம்பும்.

சுரண்டுகிற கட்சி

"இவ்வளவு வளைப்பானேன், சுருதியையே மாற்றினால் என்ன?" என்று கேட்கிற கட்சியும் உண்டு. டென்மார்க்கில் பிறந்து, அமெரிக்காவில் 'வார்' குழுவில் வாசித்த லீ ஆஸ்கர் 1983-ல் கம்பெனியே ஆரம்பித்தார். அவருடைய 'ஹார்மோனிக் மைனர்' ஹார்மோனிகாவை வாங்கினால் நேரடியாகக் கீரவாணி! 'பேடி ரிக்டர்' என்று இன்னொரு முறை. இரண்டு தடவை பதிவான 'ப'க்களில் மூன்றாம் ஓட்டையில் ஊதும் 'ப'வை 'த'வாக உயர்த்திவிடுவது. காணாமல் போன 'த' கிடைத்துவிட்டது. ஊதும் கார்டு மட்டும் கொஞ்சம் கெடும். எந்த வரவுக்கும் ஒரு செலவு உண்டே!

வீட்டிலேயே செய்யலாம். ரீடின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் ரீடு தளர்ந்து சுருதி இறங்கும். மயிரிழை அதிகமாகச் சுரண்டினால் ரீடு காலி. சுரண்டின பித்தளை திரும்ப ஒட்டாது.

என் சிபாரிசு: சுரண்டுவது, இரண்டாவது வாங்குவது எல்லாம் போனஸ் வந்தபிறகு. முதலில் மூன்றாம் பொசிஷன். டெஸ்பாட்ச் இளைஞருக்கும் அதைத்தான் சொன்னேன். பீரோவைத் திறந்திருக்கிறார். இப்போது கம்ப்ளெய்ன்ட் அவரிடமிருந்து வருவதில்லை.

பக்கத்து ரூம்காரரிடமிருந்து வருகிறது.