பத்துக் கோடி டாலர், இரண்டு தோல்விகள்

அமெரிக்காவில் வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தேர்தலில் இறைக்கலாம். பிறரிடம் வாங்கும் நன்கொடைக்குத்தான் உச்சவரம்பு. 1976இல் பக்லி – வலேயோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழி இது. அந்த வழியில் துணிந்து இறங்கியவர் லிண்டா மெக்மஹோன். கனெக்டிகட் மாநிலத்தில் குடியரசுக் கட்சி சார்பில் செனட் சபைக்கு 2010, 2012 என இருமுறை நின்றார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 5 கோடி டாலர் செலவழித்தார். இரண்டு முறையும் தோற்றார்.

நம்மூர்ப் பிள்ளைகள் அண்டர்டேக்கர் படம் போட்ட அட்டைகளை வைத்து விளையாடிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். அந்த டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனத்தைக் கணவர் வின்ஸுடன் சேர்ந்து வளர்த்தவர் லிண்டா. 1976இல் திவாலாகி எழுந்த குடும்பம். 2009 செப்டம்பரில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டுவிட்டுத் தேர்தல் களத்துக்கு வந்தார். பொருளாதார மந்தநிலை வாட்டிய நேரம் என்பதால், வேலைவாய்ப்பை உருவாக்கத் தெரிந்தவள் நான் என்ற பிரசாரம் எடுபட வேண்டியதுதான்.

2010இல் எதிரில் நின்ற ரிச்சர்ட் புளூமெந்தால் சுமார் இருபது ஆண்டுகள் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். வியட்நாமில் பணியாற்றியதாக அவர் தவறாகப் பேசிய விவகாரம் தேர்தல் ஆண்டிலேயே வெடித்தது. விவாத மேடையில், வேலை எப்படி உருவாகிறது என்று லிண்டா கேட்டபோது தடுமாறவும் செய்தார். ஆனாலும் 55க்கு 43 சதவீதம் என்ற கணக்கில் வென்றார். லிண்டாவுக்கு விழுந்த வாக்கு 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால், வாக்குக்கு 100 டாலர்!

ஏன் எடுபடவில்லை? அவர் காட்டிய தகுதிச் சான்றே எதிரிகளின் ஆயுதமானது. வீரர்களை ஊழியர்களாகக் கருதாமல் ஒப்பந்தக்காரர்களாக வைத்திருந்தது, ஸ்டீராய்டு சர்ச்சை, மேடையில் பெண்கள் இழிவுபடுத்தப்பட்ட காட்சிகள் என எல்லாம் வெளியே வந்தன. பெண் வாக்காளர்களிடம் அவர் வெகுவாகப் பின்தங்கினார். 1982க்குப் பிறகு குடியரசுக் கட்சி செனட் தேர்தலில் வெல்லாத மாநிலம் வேறு. பணம் அவரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது உண்மை. மல்யுத்தத்தையும் சேர்த்தே அறிமுகப்படுத்தியது.

2012இல் தோரணையை மாற்றினார். பெண்களைச் சிறுசிறு கூட்டங்களாகச் சந்தித்தார். கடைசி நாட்களில் ஒபாமாவுக்கும் எனக்கும் சேர்த்து வாக்களியுங்கள் என்று, எதிர்க்கட்சி அதிபரின் செல்வாக்கிலேயே ஒண்டிப் பார்த்தார். இது தந்திரமாகத் தோன்றியதே தவிர, நம்பிக்கை தரவில்லை. இம்முறை எதிரில் நின்ற கிறிஸ் மர்ஃபியிடம் கிட்டத்தட்ட அதே 55–43 கணக்கில் தோற்றார்.

வாக்காளர் தராத பதவியை டிரம்ப் நியமனமாகத் தந்தார். 2017இல் சிறுதொழில் நிர்வாகத்தின் தலைவராக லிண்டாவை நியமித்தபோது, அவரைத் தோற்கடித்த இரு செனட்டர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். 2025இல் கல்வி அமைச்சராக்கியபோது இருவருமே எதிர்த்தார்கள். செனட்டில் 51–45 என்ற கணக்கில் நியமனம் நிறைவேறியது.