ரஜினியோடு ஆடிய கார்ட்டூன் விலங்குகள்... மதுரைக் கல் யானை எப்போது டி.வி-க்கு வரும்?

80'ஸ், 90'ஸ் கிட்ஸ் இருக்கும் வீட்டில் ஒரு சின்ன டெஸ்ட் வைத்துப் பாருங்கள். "கார்ட்டூன் விலங்குகளோட ரஜினி ஆடுவாரே, அது எந்தப் படம்?" என்று கேளுங்கள். கேள்வியை முடிப்பதற்குள் 'ராஜா சின்ன ரோஜா' என்று பதில் வந்துவிடும். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள். "அதே மாதிரி, நிஜ மனுஷங்களும் கார்ட்டூனும் சேர்ந்து நடிச்ச வேற தமிழ்ப் படம், டி.வி புரோகிராம் ஏதாச்சும் சொல்லுங்க பார்ப்போம்!"

இப்போது விட்டத்தைப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு ஏன் சட்டென்று பதில் வரவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரு பாட்டு... பல தலைமுறை!

1989 ஜூலை 20-ல் வெளியானது 'ராஜா சின்ன ரோஜா'. ஏவி.எம் தயாரிப்பு, எஸ்.பி.முத்துராமன் இயக்கம், சந்திரபோஸ் இசை. சினிமா நடிகனாகும் கனவோடு வரும் ராஜா, கவனிக்க ஆளில்லாமல் வழிமாறிப்போகும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் திருத்தும் கதை. அதில் பிள்ளைகளோடு ரஜினியும் கௌதமியும் காட்டுக்குள் போகும் ஒரு பாட்டில்தான் கார்ட்டூன் விலங்குகள் வந்து சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் நம் சினிமாவுக்குள் நுழையாத காலம் அது. அத்தனையும் கையால் வரைந்த விலங்குகள்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1988 ஜூனில், ஹாலிவுட்டில் 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' வெளியாகி உலகத்தையே வாயைப் பிளக்க வைத்திருந்தது. அந்த அலை அடித்து ஓய்வதற்குள் கோடம்பாக்கம் தன் பங்குக்கு ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டது என்பது சாதாரண விஷயம் இல்லை.

நான் பிறந்ததே அந்தப் படம் வந்து பல வருஷம் கழித்துத்தான். என் வயசுக்காரர்களுக்கு அது தியேட்டர் படம் இல்லை, டி.வி பாட்டு. எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு மதுரையில் டி.வி என்றால் கொடைக்கானல் டவர்தான். காற்றடித்தால் மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் மேலே, "வந்துருச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் கீழே என்று நின்ற காலம். பிறகு கேபிள் வந்தது. 1993-ல் சன் டி.வி, அடுத்தடுத்துப் பல சேனல்கள். அந்தப் பாட்டு அப்படியே அடுத்தடுத்த பிள்ளைகளிடம் கைமாறிக்கொண்டே வந்தது. அதன் இடத்துக்குப் புதிதாக ஒன்று வரவே இல்லை என்பதுதான் சோகம்.

காற்றைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்!

நிஜ மனிதரையும் கார்ட்டூனையும் ஒரே ஃபிரேமில் சேர்ப்பது எப்படி? முதலில் நடிகரைப் படம்பிடித்துவிடுவார்கள். அவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். யானை நிற்கப்போகும் இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கும். அந்தக் காற்றைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், தடவிக்கொடுக்க வேண்டும், கைகோத்து ஆட வேண்டும். பார்வை ஒரு சாண் தப்பினாலும் போச்சு. யானையின் கண்ணைப் பார்க்கவேண்டியவர் காதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகுதான் ஓவியர்களின் வேலை ஆரம்பிக்கும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 7,200 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனமாக வரைந்தாலும், ஒரு விலங்குக்கே 3,600 படங்கள் வேண்டும். யானை, குரங்கு, முயல் என்று கூட்டம் சேரச் சேர எண்ணிக்கை எங்கோ போய்விடும்.

வரைந்தால் மட்டும் போதாது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ, கார்ட்டூனின் நிழலும் அதற்கேற்ப விழ வேண்டும். நடிகர் குறுக்கே நடந்தால் யானை அவருக்குப் பின்னால் மறைய வேண்டும். 'ரோஜர் ராபிட்' படத்தில் நாயகன் பாப் ஹாஸ்கின்ஸ் பார்த்து நடிப்பதற்காக ரப்பர் பொம்மைகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். கார்ட்டூன் பாத்திரங்கள் கையில் வைத்திருக்கும் நிஜப் பொருள்களை இயந்திரக் கைகளால் அசைத்தார்கள். பிறகு அந்த இயந்திரத்தை மறைத்து மேலே கார்ட்டூனை வரைந்தார்கள். அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸுக்கு இதற்காகச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது.

டி.வி-க்கு வந்த மந்திர அவரைக்கொடி

இந்த வித்தைக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிவிட்டது. 1914-ல் வின்சர் மெக்கே என்ற அமெரிக்க ஓவியர் 'கெர்ட்டி' என்ற டைனோசரை வரைந்தார். திரையில் கெர்ட்டி, மேடையில் அவர். "தலையைக் குனி" என்பார், அது குனியும். திட்டினால் அழும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் நழுவ, அதே நொடி திரைக்குள் ஒரு கார்ட்டூன் மெக்கே வந்து, டைனோசர் மேல் ஏறிப் போய்விடுவார்.

1945-ல் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் ஜீன் கெல்லி என்ற நடன நடிகர், நம் 'டாம் அண்ட் ஜெர்ரி' ஜெர்ரியோடு ஜோடி போட்டு ஆடினார். பளபளப்பான தரையில் கெல்லியின் பிம்பம் தெரிந்ததால், ஜெர்ரியின் பிம்பத்தையும் தனியாக வரைந்து சேர்த்தார்களாம். அந்த ஜெர்ரியைப் படைத்தவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா.

22 வருஷம் கழித்து இதே மூவரும் டி.வி-க்காக மறுபடி சேர்ந்தார்கள். 1967 பிப்ரவரி 26-ல் அமெரிக்காவின் என்.பி.சி சேனலில் ஒளிபரப்பான 'ஜாக் அண்ட் தி பீன்ஸ்டாக்' குழந்தைகளுக்கான ஒரு மணி நேர ஸ்பெஷல். பசுவைக் கொடுத்துவிட்டு மந்திர அவரைவிதை வாங்கும் பையனின் கதை நமக்கும் தெரிந்ததுதான். தரையில் நிஜ மனிதர்கள்; கொடியேறி மேகத்துக்கு மேலே போனால் கார்ட்டூன் உலகம், கார்ட்டூன் அரக்கன். சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருது அதற்குக் கிடைத்தது.

கவனியுங்கள், அது தியேட்டருக்கு எடுத்த படம் இல்லை. டிக்கெட் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் ஓர் இரவு இலவசமாகப் பார்க்கும்படி டி.வி-க்காகவே எடுத்தது.

நம் டி.வி நமக்கு என்ன கொடுத்தது?

சும்மா குறை சொல்லக் கூடாது. 1955-லேயே மத்திய அரசு குழந்தைகள் திரைப்படக் கழகத்தைத் தொடங்கியது. ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். அங்கே பயின்ற ராம் மோகன் பிறகு இந்திய அனிமேஷனின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்டு, பத்மஸ்ரீயும் வாங்கினார். 1974-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்ற குறும்படத்தைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. சென்னைத் தூர்தர்ஷனில் 'கண்மணிப் பூங்கா' வந்தது. பிற்பாடு சன் டி.வி-யில் 'மை டியர் பூதம்' பார்க்க நாங்கள் ஹோம்வொர்க்கை அவசர அவசரமாக முடித்தது தனிக்கதை.

2007-ல் சுட்டி டி.வி வந்தபோது டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். டப்பிங் அவ்வளவு ரசனையாக இருந்தது. ஆனால் முகமும் ஊரும் கதையும் வெளியூர். குரல் மட்டும்தான் நம்முடையது. இப்போது அந்த இடத்தையும் செல்போன் பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், குழந்தைகள் திரைப்படக் கழகமும் ஃபிலிம்ஸ் டிவிஷனும் 2022-ல் என்.எஃப்.டி.சி-யோடு இணைக்கப்பட்டுவிட்டன. குழந்தைகளுக்கென்றே தனியாக இருந்த அரசுக் கதவு, பெரிய வீட்டின் பல அறைகளில் ஒன்றாகிவிட்டது.

காரணம் புரியாமல் இல்லை. ரெடியாக இருக்கும் கார்ட்டூனை வாங்கித் தமிழில் பேசவைப்பது சுலபம். புதிதாக வரைந்து எடுப்பது செலவு. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு சீரியல் அளவுக்கு விளம்பரமும் வராது. வியாபாரக் கணக்கில் இது சரிதான். ஆனால், 'சோட்டா பீம்' புண்ணியத்தில் டோலக்பூருக்கு வழி சொல்லும் பிள்ளையிடம், ஒத்தக்கடை பக்கம் பஸ்ஸில் போகும்போது "அந்த மலைக்கு ஏன் யானைமலைன்னு பேரு?" என்று கேட்டுப் பாருங்கள். நஷ்டம் எங்கே என்று புரியும்.

கதைக்கா பஞ்சம் மதுரையில்?

உண்மையில், இந்த வகைப் படத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஊர் மதுரை. ஊரைச் சுற்றி மூன்று 'விலங்குகள்' படுத்திருக்கின்றன. யானைமலை, நாகமலை, பசுமலை. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் மாயப்பசுவும் இறைவனின் திருவிளையாடலால் வீழ்ந்து மலையாகிப்போனதாகச் சொல்கிறது புராணக் கதை. நிஜ மலையைப் படம்பிடித்து, ஒரு யானை சோம்பல் முறித்து எழுந்து வைகையில் தண்ணீர் தேடிப் போவதாக வரைந்தால்? ஆற்றில் தண்ணீர் இல்லாததைப் பார்த்து அது என்ன சொல்லும்? அதற்குப் பதில் சொல்ல ஒத்தக்கடைப் பையன் ஒருவன் போதும். "அங்கிட்டுப் போகாத, டிராஃபிக் ஜாஸ்தி" என்று அவன் மதுரைத் தமிழிலேயே பேசட்டும்.

அதைவிடப் பொருத்தமானது, திருவிளையாடற் புராணத்தின் 'கல்லானைக்குக் கரும்பருத்திய படலம்.' கோயிலுக்கு வந்த சித்தரிடம், "முடிந்தால் இந்தக் கல் யானையைக் கரும்பு தின்ன வையும்" என்று பாண்டிய மன்னன் சவால் விடுகிறான். சித்தர் ஒரு பார்வை பார்க்க, கல் யானை கண் திறந்து, துதிக்கையை நீட்டிக் கரும்பைத் தின்கிறது. அதோடு விடாமல் மன்னன் கழுத்தில் கிடந்த முத்துமாலையையும் பறித்து விழுங்கிவிடுகிறது! உயிரற்றதற்கு உயிர் கொடுப்பதுதானே அனிமேஷன்? அதற்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி விமானத்தைத் தாங்கி நிற்கும் கல் யானைகளைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லாத அப்பத்தாக்கள் குறைவு.

திரைக்குள் உருவங்களைப் பேசவைப்பதும் நமக்குப் புதுசு இல்லை. தோல்பாவைக்கூத்தில் ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டுவார்கள். ஒரே கலைஞர் ஆண், பெண், அரக்கன் எல்லோருக்கும் குரல் கொடுப்பார். நடுநடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து, ராமாயணத்தை நிறுத்திவிட்டு ஊர் விஷயம் பேசிச் சிரிக்கவைப்பார்கள். மதுரை வட்டாரத்தில் தலைமுறைகளாக இந்தக் கலையை ஆடிவந்த குடும்பங்களுக்கு மேடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு டி.வி படத்தில் உச்சிக்குடும்பன் கார்ட்டூனாக வந்து நிஜப் பிள்ளைகளோடு வம்பிழுத்தால், ஒரு கலைக்கும் சேர்த்து விளக்கேற்றிய மாதிரி இருக்கும்.

பணம் மட்டும்தான் தடையா?

ஒரு காலத்தில் ஆம். இன்று முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'ஃப்ளோ', லாட்வியா என்ற குட்டி நாட்டின் இயக்குநர் எடுத்தது. பிரமாண்ட ஸ்டுடியோ இல்லை. சிறிய குழு, யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளக்கூடிய 'பிளெண்டர்' சாஃப்ட்வேர். ஒரு பூனையின் கதையை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லி உலகத்தையே பார்க்க வைத்துவிட்டார்கள்.

மதுரையிலும் விஸ்காம் படிக்கிறார்கள், அனிமேஷன் கோர்ஸ் முடிக்கிறார்கள். பிறகு சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், வெளிநாட்டுப் படத்தின் ஒரு துண்டு காட்சிக்கு வேலை பார்க்கும் வாய்ப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு அரைமணி நேரக் குழந்தைகள் படம், கோடை விடுமுறைக்கு ஒன்று என்று ஒரு சேனலோ அரசோ முடிவெடுத்தால், வரையக் கைகள் இங்கேயே இருக்கின்றன.

வீட்டிலேயே ஒரு கல் யானை!

சேனல்கள் யோசிக்கும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்க்கலாம்.

* கெட்டி அட்டையில் யானை வரைந்து வெட்டுங்கள். துதிக்கையைத் தனியாக வெட்டி, ஒரு குண்டூசியால் இணையுங்கள். ஊசி முனையை மடக்கி டேப் ஒட்டிவிடுங்கள்.

* யானையை மேஜையில் படுக்கவைத்து, செல்போன் மேலிருந்து பார்ப்பதுபோல் அசையாமல் பொருத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டியூப்லைட் வெளிச்சமே நல்லது.

* ஒரு குழந்தை கரும்புத் துண்டோடு கையை நீட்டட்டும். இன்னொரு குழந்தை துதிக்கையை நூலளவு நகர்த்த, ஒரு போட்டோ. மறுபடி நகர்த்த, இன்னொரு போட்டோ.

* நொடிக்கு 12 போட்டோ கணக்கு. 120 போட்டோ எடுத்தால் 10 நொடிப் படம். ஸ்டாப் மோஷன் ஆப் ஏதாவது ஒன்றில் வரிசையாகச் சேர்த்துவிட்டால், கல் யானை கரும்பைத் தின்றுவிடும்.

10 நொடிக்கு ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பிள்ளைகளின் கை வலிக்கும், நடுவில் ஒரு சண்டை நிச்சயம். ஆனால், ஸ்கிரீனைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் விரல்கள் அன்றைக்கு ஒரு படத்தை உண்டாக்கியிருக்கும். யார் கண்டது, யானைமலையை நிஜமாகவே எழுப்பி நடக்கவைக்கப்போகிறவர் உங்கள் வீட்டு மேஜையிலிருந்தே கிளம்பலாம்.

உங்கள் ஊரில் கார்ட்டூனாக எழுந்து நடக்கவேண்டிய கதை எது? கமென்ட்டில் சொல்லுங்கள் மக்களே!