“படத்தை அழிச்சிடு!” என்று சூழ்ந்தது கூட்டம், அழிக்க முடியாத காமிராவால் பூக்கடையில் பரபரப்பு

சென்னை பூக்கடை பகுதி. ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி.

என்.எஸ்.சி. போஸ் ரோடு நடைபாதையில் ஓர் அம்மாள் கனகாம்பரம் கட்டிக் கொண்டிருந்தார். எதிரே ஒரு வாலிபர் வந்து நின்றார். கையில் பழைய காமிரா. “டிக்” என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

“இன்னாடா அது? யாரைக் கேட்டு படம் புடிச்சே?” என்று பக்கத்தில் இருந்த பழ வியாபாரி எழுந்து வந்தார். அடுத்த நிமிஷம் பத்துப் பதினைந்து பேர் கூடி விட்டார்கள்.

“எடுத்ததைக் காட்டு.”

“காட்ட முடியாதுண்ணே.”

“அப்போ அழிச்சிடு.”

“அழிக்கவும் முடியாதுண்ணே. இது பிலிம் காமிரா.”

யாரும் நம்பவில்லை. காமிராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முதுகில் திரை இல்லை, வெறும் கறுப்பு மூடி. அதில் பிலிம் பெட்டியின் அட்டைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. “மூடியைத் திற. உள்ளே இன்னா இருக்குன்னு பார்ப்போம்” என்று ஒருவர் கையை வைத்தார். வாலிபர் பாய்ந்து இரண்டு கைகளாலும் மூடியைப் பொத்திக் கொண்டார். சந்தேகம் இன்னும் அதிகமாகி விட்டது!

உள்ளே இருந்த டீக்கடை

அவர் பொத்தியதற்குக் காரணம் இருந்தது. உள்ளே ஏற்கனவே எடுத்த படங்கள் 31. பிலிமைத் திரும்பச் சுருட்டாமல் மூடியைத் திறந்தால் வெளிச்சம் பாய்ந்து படங்கள் பாழாகி விடும். அதில் 5 படங்கள் ராயபுரத்தில் அவர் வீட்டு முனையில் இருந்த டீக்கடை. ஓட்டுக் கட்டடம், பச்சைக் கதவு, பித்தளை பாய்லர், கல்லாவில் பெரியவர். அந்த வாரமே கட்டடத்தை இடித்து விட்டார்கள். மறுபடி எடுப்பதற்கு அங்கே செங்கல் கூட இல்லை.

வாலிபருக்கு வயது 24. லாரி புக்கிங் ஆபீசில் பில் போடுகிறார். லீவு நாளில் காமிராவைத் தூக்கிக் கொண்டு சவுக்கார்பேட்டை, மண்ணடி, தங்க சாலை தெரு என்று சுற்றுவார். ரிக்‌ஷாவில் தூங்கும் கிழவர், இஸ்திரி வண்டி, மாடிக் கைப்பிடியில் காயும் சேலை. இவைதான் அவர் எடுப்பது.

“மத்தியானம் லாரி வரும்”

பூ கட்டிய அம்மாளின் பயம் வேறு. “காலையில ஒருத்தன் வந்து படம் எடுப்பான். மத்தியானம் லாரி வந்து கூடையை அள்ளிக்கினு பூடும். இவனும் அந்த ஆளோன்னு நினைச்சேன்” என்றார்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நடைபாதை வியாபாரிகளுக்காக 2014-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. ஆனாலும் கூடை வைத்து விற்பவர்களுக்கு அந்தப் பயம் போன பாடில்லை. போதாக்குறைக்கு இப்போது செல்போனில் எடுத்த படம் ஐந்து நிமிஷத்தில் ஊர் சுற்றி விடுகிறது.

இந்த நேரத்தில் ரோந்து வந்த ஏட்டு ஒருவர் கூட்டத்தை விலக்கினார். காமிராவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “யோவ், மூடியைத் தொடாதே! எல்லாம் போயிடும். என் கல்யாணப் படமே இந்த மாதிரி காமிராவுலதான் எடுத்தது” என்று சத்தம் போட்டார்.

ஏட்டு சொன்னதால் கூட்டம் நம்பியது. வாலிபரின் போன் நம்பர் எழுதி வாங்கப்பட்டது. பிரிண்ட் போட்டு அந்த அம்மாளிடமே கொடுக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள்.

ஒரு ‘டிக்’ 37½ ரூபாய்

அந்தக் காமிரா ‘ஒலிம்பஸ் டிரிப் 35’. ஜப்பான் தயாரிப்பு. 1967 முதல் 1984 வரை செய்தார்கள். வாலிபரின் தந்தை பர்மா பஜாரில் வாங்கியது. இதற்கு பேட்டரியே வேண்டாம். லென்சைச் சுற்றி இருக்கும் வளையம் வெளிச்சத்திலேயே மின்சாரம் எடுத்துக் கொள்ளும். வெளிச்சம் போதவில்லை என்றால் கண் வைக்கும் துவாரத்தில் சிவப்புக் கொடி எழும்பும், பொத்தான் அமுங்காது. 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஓடுகிறது.

செலவு பிலிமில்தான். ஒரு காலத்தில் ஊட்டியில் இருந்து ‘இந்து’ பிலிம் வந்தது. 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கறுப்பு-வெள்ளைச் சரக்கு. அந்த ஆலை மூடப்பட்டு விட்டது. இந்த வாலிபர் போடுவது ‘கோடக் கலர்பிளஸ் 200’. கோடக்கில் மலிவான கலர் பிலிம். அதுவும் அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இருந்து வர வேண்டும்.

அவர் கொடுத்த விலை 900 ரூபாய். கழுவி ஸ்கேன் செய்ய 450. ஆக 1,350. படம் 36. கணக்குப் போட்டால் ஒரு படம் 37 ரூபாய் 50 காசு. பிரிண்ட் தனி. “செல்போன்ல நூறு எடுத்து தொண்ணூறை அழிப்பேன். இதுல ஒண்ணு எடுக்க பத்து நிமிஷம் நிற்பேன்” என்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருந்தால் இத்தனை ரகளை இல்லை!

12 நாள் கழித்து...

மீதி 4 படத்தையும் முடித்து, பிலிமைச் சுருட்டி லேபில் கொடுத்தார். கலர் பிலிம் கழுவுவது 38 டிகிரி சூட்டில். முதல் மருந்தில் 3 நிமிஷம் 15 வினாடிதான். ஆனால் மருந்தைக் கலக்கி விட்டால் நாள்பட வைத்திருக்க முடியாது. அதனால் ரோல்கள் சேர்ந்த பிறகுதான் லேபில் கை வைப்பார்கள். படம் கைக்கு வர 12 நாள் ஆகி விட்டது.

டீக்கடை படங்கள் 5-ல் 4 பளிச்சென்று வந்திருந்தன. ஒன்றில் மட்டும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மூடியின் ஓரத்துப் பஞ்சு மக்கிப் போய் வெளிச்சம் கசிந்த வேலை. பெரியவருக்கு ஒரு செட் பிரிண்ட் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலிபர் பூக்கடைக்குப் போனார். அம்மாள் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பூ நல்லா விழுந்திருக்கு. நான்தான் இருட்டுல குந்திகினு இருக்கேன்” என்றார்.

உண்மைதான். பின்னால் நல்ல வெயில். முகத்தில் குடை நிழல். காமிரா வெயிலைக் கணக்குப் பண்ணி விட்டது. இந்த ரகப் பிலிம் வெளிச்சம் கொஞ்சம் அதிகமானால் தாங்கும், குறைந்தால் தாங்காது. கனகாம்பரம் மட்டும் நெருப்பு மாதிரி நிறம் காட்டியது.

அம்மாள் மணையை இழுத்து வெயிலில் போட்டார். தலையைக் கையால் ஒதுக்கிக் கொண்டார். முந்தானையைச் சரி செய்தார். “இப்ப எடு” என்றார். அன்று முதல் ஆளாகச் சண்டைக்கு வந்த பழ வியாபாரியும் பக்கத்தில் வந்து நின்று கொண்டார்.

இரண்டு ‘டிக்’. 75 ரூபாய்.

“எப்பப்பா குடுப்பே?”

“புது ரோலுக்கா. இன்னும் 34 பாக்கி இருக்கு. முடிஞ்சாத்தான் கழுவ முடியும்.”

“சீக்கிரம் எதையாவது எடுத்து முடி. தீபாவளிக்குள்ள பிரேம் போடணும்.”