மூலையில் ஒளிந்திருந்த ஆபத்து!

ஒரு பாலம் பாரம் தாங்குமா என்பதைக் கட்டும் முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். ‘ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்’ என்று பெயர். கட்டுமானத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று கணக்கிடுவார்கள். 1 மீட்டர் கம்பி 1 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.001. அதை வைத்து அங்கே விழும் விசையும் தெரிந்துவிடும்.

துண்டுகள் பெரிதாகிவிட்டால்? நார்வேயின் ‘ஸ்லெய்ப்னர் ஏ’ எரிவாயு மேடையின் கதையைக் கேளுங்கள்.

1991 ஆகஸ்ட் 23. மேடையின் பிரமாண்ட கான்கிரீட் அடித்தளத்தைக் கடலில் மெல்ல இறக்கிச் சோதித்தார்கள். சுமார் 65 மீட்டர் ஆழத்தில் உள்சுவர் பிளந்தது. மொத்தமும் மூழ்கி, கடலடியில் மோதி நொறுங்கியது. அந்த அதிர்வு ரிக்டர் அளவில் 3! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம், சுமார் 70 கோடி டாலர்.

காரணம், அறைகள் சந்திக்கும் மூலை. அங்கே துண்டுகள் பெரிதாக இருந்ததால், சுவரை வெட்டும் விசையைக் கணக்கு 47 சதவிகிதம் குறைத்துக் காட்டியது. உள்ளே வைத்த கம்பியும் போதவில்லை. பிறகு நுணுக்கமாகக் கணக்கிட்டபோது வந்த விடை: 62 மீட்டரில் உடையும்!

அதனால்தான் துண்டுகளை மேலும் பொடியாக்கியும் விடை மாறவில்லை என்று உறுதியான பிறகே, நல்ல பொறியாளர்கள் கம்ப்யூட்டர் கணக்கை நம்புகிறார்கள்.