சுங்கத் தீர்வையின் சுமை யார்மீது?

வெளிநாட்டுச் சரக்கு நம் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது அதன்மேல் அரசாங்கம் விதிக்கும் வரியே சுங்கத் தீர்வையாகும். இதைக் கட்டுபவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாக விடை கூறுகிறது. சரக்கை வரவழைக்கும் உள்நாட்டு வணிகரே சுங்க அலுவலகத்தில் பணத்தைச் செலுத்த வேண்டும். ஆனால், அந்தத் தொகை முடிவில் யாருடைய பையிலிருந்து போகிறது என்பது வேறு கேள்வி. தீர்வையை அயல்நாட்டார் கட்டும் அபராதம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது முழுவதும் நம் தலையிலேயே விழுகிறது என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். இவற்றுள் எது உண்மை என்பதை ஊகத்தால் அன்றி, கணக்கால் அறிய வழி உண்டா என்று பார்ப்போம்.

100 ரூபாய் விலையுள்ள பொருள் ஒன்றுக்கு 20 சதவீதத் தீர்வை விதிக்கப்படுவதாகக் கொள்வோம். நம் சந்தையை இழக்க மனமில்லாத அயல்நாட்டு உற்பத்தியாளர் தம் விலையை ஏறக்குறைய 83 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால், தீர்வை சேர்ந்த பிறகும் பொருள் பழைய விலைக்கே கிடைக்கும், சுமை அவருடையதாகும். அவர் குறைக்காவிட்டால், இடையிலுள்ள வணிகர் தம் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு சுமையை ஏற்கலாம். அவரும் இசையாவிட்டால், வாங்குபவர் 120 ரூபாய் கொடுக்க நேரும். நடைமுறையில் இம்மூவரும் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. பங்கு எவ்வாறு அமையும் என்பதற்குப் பொருளியல் கூறும் விதி எளியது: வேறு வழி உடையவர் சுமையை நகர்த்திவிடுகிறார், வேறு வழி இல்லாதவர் அதைச் சுமக்கிறார்.

இவ்விதியைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கா 2018-ஆம் ஆண்டில் ஒரு பெரிய வாய்ப்பை அளித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டுச் சலவை இயந்திரங்களுக்கு அந்நாடு புதிய தீர்வை விதித்தது. முதலில் வரும் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 50 சதவீதம் என்பது முதலாண்டின் விகிதம். ஃப்ளேன், ஹோர்டாசு, டின்டெல்னாட் என்னும் மூன்று அறிஞர்கள் இதன் விளைவை ஆராய்ந்தார்கள். தீர்வைக்கு உட்படாத வேறு வீட்டுச் சாதனங்களின் விலைப் போக்கோடு சலவை இயந்திரத்தின் விலையை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சலவை இயந்திரத்தின் விலை ஏறக்குறைய 12 சதவீதம் உயர்ந்திருந்தது.

வியப்புக்குரிய செய்தி ஒன்றும் அதில் வெளிப்பட்டது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குத் தீர்வையே கிடையாது. எனினும், அதன் விலையும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தது. இவ்விரண்டையும் அமெரிக்கக் குடும்பத்தினர் பெரும்பாலும் சேர்த்தே வாங்குவதால், விற்பவர்கள் விலையேற்றத்தை இரண்டின்மேலும் பரப்பிவிட்டார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் வெளிநாட்டுப் போட்டி தளர்ந்ததைக் கண்டு தம் விலைகளை உயர்த்தின. ஆண்டொன்றுக்கு வாங்குவோர் கூடுதலாகக் கொடுத்த தொகை ஏறக்குறைய 150 கோடி டாலர். அரசாங்கத்துக்குக் கிடைத்த தீர்வை வருவாயோ 8 கோடி டாலர் அளவே. புதிதாகத் தோன்றிய வேலைகள் ஏறத்தாழ 1,800. வருவாயைக் கழித்துக் கணக்கிட்டால், ஒரு வேலைக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் டாலர் வரை செலவாயிற்று. தீர்வையின் பாரத்தை அளக்க விரும்புவோர் கருவூலக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அதே ஆண்டில் உருக்கு, அலுமினியம், சீனப் பொருள்கள் பலவற்றின்மேலும் தீர்வைகள் ஏறின. அமிட்டி, ரெடிங், வைன்ஸ்டைன் ஆகியோர் சுங்கப் பதிவுகளை ஆராய்ந்து, தீர்வைக்கு முந்திய விலையை அயல்நாட்டு விற்பனையாளர்கள் பொதுவாகக் குறைக்கவில்லை என்று கண்டார்கள். அதாவது, ஏறக்குறைய முழுச் சுமையும் அமெரிக்கருக்கே சேர்ந்தது. இந்தியாவில் பிறந்த கீதா கோபிநாத் உள்ளிட்ட நால்வரின் ஆய்வும் துறைமுக விலையைப் பற்றி இதே முடிவைக் கூறிற்று. ஆயினும், கடைகளில் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை என்றும், பல பொருள்களில் விற்பனையாளர்களே தம் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு பகுதியைத் தாங்கினார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். உருக்கு மட்டும் விதிவிலக்காயிற்று. ஓராண்டு கழிந்தபின், அயல்நாட்டு உருக்கு உற்பத்தியாளர்கள் விலையைக் குறைத்துச் சுமையில் ஏறத்தாழ பாதியை ஏற்றார்கள். ஆகவே, எல்லாப் பொருளுக்கும் எக்காலத்துக்கும் ஒரே விடை இல்லை.

நம் நாட்டுக்கு இவ்விவாதம் புதிதன்று. 1921-22-ஆம் ஆண்டுகளில் அமைந்த இந்திய நிதிக் கொள்கை ஆணையம், தீர்வைப் பாதுகாப்பின் சுமை நுகர்வோர்மீது விழும் என்பதை உணர்ந்தே, தேர்ந்தெடுத்த தொழில்களுக்கு மட்டும் பாதுகாப்பு அளிக்கப் பரிந்துரைத்தது. தொழிலுக்கு இயற்கை வசதிகள் இருக்கவேண்டும். பாதுகாப்பின்றி அது வளர இயலாததாய் இருக்கவேண்டும். நாளடைவில் உலகப் போட்டியைத் தானே தாங்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை அது வகுத்தது. 1924-ஆம் ஆண்டின் உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம், சில உருக்குப் பொருள்களுக்குத் தீர்வையையும், தண்டவாளம், சரக்கு வண்டி முதலியவற்றுக்கு அரசாங்க உதவித் தொகையையும் வழங்கிற்று. உதவித் தொகையின் பாரம் கருவூலக் கணக்கில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தீர்வையின் பாரமோ கடைவிலைக்குள் மறைந்து நிற்கும். இவ்வேறுபாடு நினைவில் வைக்கத் தக்கது.

நம் சமையலறைக்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது வெளிநாட்டிலிருந்து வருகிறது. எண்ணெய்வித்துப் பயிரிடும் உழவர்களுக்கு விலை விழுந்துவிடாமல் இருக்கும்பொருட்டு, 2024 செப்டம்பரில், சுத்திகரிக்கப்படாத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் அடிப்படைத் தீர்வை சுழியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பின்னர், கடைவிலை ஏறிய நிலையில், 2025 மே மாத இறுதியில் அது 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இடைக்காலத்தில் உலகச் சந்தையிலும் விலைகள் ஏறியமையால், ஏற்றம் முழுவதையும் தீர்வையின் கணக்கில் எழுதுவது முறையன்று. எனினும், தாளிக்க எண்ணெய் வேண்டிய இல்லத்தரசிக்கு வேறு வழி அதிகமில்லை. உலகெங்கும் சந்தை உடைய அயல்நாட்டு விற்பனையாளருக்கோ வழிகள் பல. சுமை எந்தப் பக்கம் சாயும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இதனால் தீர்வை எப்போதும் தீயது என்று நாம் கூறவில்லை. உழவரின் வருவாயும் தொழிலாளியின் வேலையும் காக்கத் தக்கவையே. நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாத தொழிலுக்காகச் சமுதாயம் மனமுவந்து கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால், விலை கொடுப்பது யார், எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, அதனால் பயன் பெறுபவர் யார் என்பனவற்றை அறிந்து கொடுப்பதே முறை. தீர்வை உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்கும்போதெல்லாம் இந்நான்கு கேள்விகளையும் எழுப்புவது குடிமக்களாகிய நம் கடமையாகும்.