வலி உணர்வேற்பிகள்

உடலின் உள்ளும் புறமும் நிகழும் மாற்றங்களைக் கண்டறிந்து, அவற்றை மின் சைகைகளாக மாற்றி நரம்புகள் வழியே அனுப்பும் அமைப்புகள் உணர்வேற்பிகள் எனப்படும். இவற்றுள், திசுக்களுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய தூண்டல்களை அறிவிப்பவை வலி உணர்வேற்பிகள் ஆகும். வலி என்பது காயம் அன்று. காயத்தைப் பற்றிய செய்தி. காயம் இல்லாமலும் செய்தி வரலாம். செய்தி வராமலும் காயம் ஏற்படலாம்.

வகைகள்

தோலில் மெல்லிய தொடுகையை மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகளும், அதிர்வைப் பசீனியன் நுண்ணுறுப்புகளும் உணர்கின்றன. வெப்பம், குளிர்ச்சி, வலி ஆகியவற்றை உறையற்ற நரம்பு முனைகள் உணர்கின்றன. தொடு உணர்வேற்பிகள் பல விரைவில் பழகிவிடும். அணிந்த சட்டையின் தொடுகை சற்று நேரத்தில் மறந்துபோவது இதனால்தான். வலி உணர்வேற்பிகள் அவ்வாறு எளிதில் பழகுவதில்லை. மாறாக, புண்பட்ட இடத்தில் அவற்றின் உணர்திறன் மிகுந்து, லேசாகத் தொட்டாலும் வலிக்கிறது.

செயல்படும் முறை

விருதுநகர் மாவட்டத்தின் பாலவனத்தம், திருச்சுழி வட்டாரங்களில் கருவேல முள் தைக்காத கால் அரிது. முள் தைத்ததும் நரம்பு முனையின் சவ்விலுள்ள அயனித் தடங்கள் திறக்கின்றன. சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே நுழைய, மின் சைகை தோன்றித் தண்டுவடத்தை அடைகிறது. மெல்லிய மயலின் உறையுள்ள நரம்பிழைகளில் சைகை நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்லும்; உறையற்ற இழைகளில் 0.5 முதல் 2 மீட்டர்தான். எனவே முதலில் ‘சுருக்’கென்ற வலியும், சற்றுப் பின்னர் மந்தமான கடுப்பும் தோன்றுகின்றன. மூளை வலியை உணர்வதற்கு முன்பே, தண்டுவடத்தின் அனிச்சைச் செயலால் கால் பின்வாங்குகிறது.

காயமில்லாத எரிச்சல்

மிளகாய் வற்றலின் காம்பு கிள்ளுவோருக்குக் கை எரியும். ஆனால் தோல் சுட்டுப்போவதில்லை. மிளகாயிலுள்ள காப்சைசின், டி.ஆர்.பி.வி.1 என்னும் அயனித் தடத்தைத் திறக்கிறது. இது இயல்பாக ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறப்பது. ஆகவே மூளை அதைச் சூடு என்றே கொள்கிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இத்தடத்தைக் கண்டறிந்தனர். அழுத்தத்தை உணரும் தடங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூத்தியனுடன் அவர் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் வாயில் காரத்தைத் தணிக்கத் தண்ணீரைவிடப் பால் உதவும்.

எரிச்சலில்லாத காயம்

தொழுநோயாளரின் கைகால்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று முன்பு நம்பப்பட்டது. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் வேறு உண்மையைக் கண்டார். நோய்க்கிருமி நரம்புகளைச் சிதைப்பதால் வலி தெரிவதில்லை. தெரியாமல் படும் சூடும் வெட்டும் அழுத்தமுமே புண்களை உண்டாக்கி உறுப்புகளை அழிக்கின்றன.

இன்று நீரிழிவு நோயாலும் பலரது பாதங்கள் இவ்வாறு மரத்துப்போகின்றன. தைத்த முள் தெரியாமலே புண் ஆழமாகலாம். ஆகவே அவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. நாள்தோறும் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். சிறு புண்ணாயினும், வலிக்கவில்லை என்று விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணர்வேற்பிகள் செய்யத் தவறிய காவலைக் கண்கள்தான் செய்தாக வேண்டும்.