கற்பனைக்கு விண்மீன்கள் அளித்த தீர்ப்பு

கற்பனையின்றி விஞ்ஞானம் வளர்வதில்லை. ஆயினும், கற்பனை எத்துணை அழகுடையதாயினும், இயற்கையின் முன் நின்று விடையிறுக்கும்வரை அது விஞ்ஞானம் என்னும் பெயரை முழுமையாகப் பெறுவதில்லை. அறிஞர் பலர் ஆண்டுக்கணக்காக முயன்று கட்டிய கொள்கைகள் சில, இரண்டு செக்கனும் நிரம்பாத ஓர் இடைவெளியால் வீழ்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது. அவ்விரிவு நாளடைவில் தளரும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். தொலைவில் வெடித்த விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், அது தளரவில்லை, விரைவடைகிறது என 1998இல் அறிவித்தனர். காரணம் யாது? வெட்டவெளி எங்கும் புலப்படாத ஒரு சக்தி நிறைந்துள்ளது என்றனர் சிலர். 1915இல் ஐன்ஸ்டைன் வகுத்த ஈர்ப்பு விதியே நெடுந்தொலைவில் திருத்தம் வேண்டி நிற்கிறது என்றனர் வேறு சிலர். இவர்கள் ஈர்ப்போடு புதியதொரு புலத்தையும் சேர்த்துப் பல கொள்கைகளை வகுத்தனர்.

அக்கொள்கைகளுட் பலவற்றைச் சோதிப்பதற்கு ஒரு வழி இருந்தது. ஐன்ஸ்டைன் கொள்கைப்படி ஈர்ப்பலைகள் ஒளியின் வேகத்திலேயே செல்லும். இவற்றின்படியோ வேறு வேகத்திற் செல்லும். மின்னலும் இடியும் ஒருங்கே பிறப்பினும், ஒளி முந்துகிறது, ஒலி பிந்துகிறது. அவ்வாறே ஒளியையும் ஈர்ப்பலையையும் ஒருங்கே அனுப்பும் நிகழ்ச்சியொன்று வானில் தோன்றுமாயின், எது முந்துகிறது என்பது தெளிந்துவிடும் அன்றோ?

அத்தகைய நிகழ்ச்சியின் செய்தி 2017 ஆகஸ்ட் 17ஆம் நாள் பூமியை வந்தடைந்தது. என்.ஜி.சி. 4993 என்னும் விண்மீன் கூட்டத்தில், சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், இரு நியூத்திரன் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதியிருந்தன. அமெரிக்காவில் ஹான்போர்ட், லிவிங்ஸ்ரன் ஆகிய இடங்களிலுள்ள லைகோ கருவிகளில் ஈர்ப்பலை ஏறத்தாழ 100 செக்கன் பதிந்தது. அது ஓய்ந்து 1.7 செக்கனில் பெர்மி என்னும் செயற்கைக்கோள் காமாக் கதிர் வீச்சொன்றைக் கண்டது. இத்தாலியிலுள்ள வேர்கோ கருவியின் துணையால் திசை துலங்க, சுமார் 11 மணி நேரத்தின் பின் சிலி நாட்டுத் தொலைகாட்டி ஒன்று மோதலின் ஒளியையே படம்பிடித்தது.

இதன் பொருளைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறுபட்டிருந்தாலும், ஒன்று மற்றதற்கு 130 ஆண்டுகள் முந்தியோ பிந்தியோ வந்திருக்கும். வந்ததோ இரண்டு செக்கனுக்குள்! அந்தச் சிறு தாமதமும் பயணத்தில் நேர்ந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. மோதலின் பின் கதிர் வெளிப்படவே சில செக்கன்கள் செல்லக்கூடும். அதற்கு இடமளித்துக் கணித்தபோதும், இரு வேகங்களுக்குமிடையே பத்துக் கோடி கோடியிற் சில பங்குக்கு மேல் வேற்றுமை இல்லையெனத் தெரிந்தது.

அவ்வாண்டு டிசெம்பரில் 'பிசிக்கல் றிவியூ லெற்றர்ஸ்' என்னும் ஏடு இதுபற்றி நான்கு கட்டுரைகளை வெளியிட்டது. ஈர்ப்பலைக்கு வேறு வேகம் கூறிய கொள்கைகளுட் பெரும்பாலானவை கைவிடப்பட வேண்டியனவாயின. எனினும் எல்லாம் வீழ்ந்துவிடவில்லை. 1961இல் பிரான்ஸ், டிக்கி ஆகிய இருவரும் கூறிய கொள்கை போன்றவற்றில் ஈர்ப்பலை ஒளிவேகத்திலேயே செல்வதால், அவை இத்தேர்விற் பிழைத்தன. பிரபஞ்ச விரிவு ஏன் விரைவடைகிறது என்னும் வினாவும் தீரவில்லை.

வீழ்ந்த கொள்கைகளை வீண் முயற்சி என இகழ்தல் தகுமோ? தகாது. எவ்வாறு தம்மைப் பொய்ப்பிக்கலாம் என்பதை அவை மறைக்கவில்லை. ஓர் எண்ணை முன்வைத்துத் தீர்ப்புக்குக் காத்திருந்தன. எந்தச் சோதனைக்கும் பிடிகொடாமல் நெடுங்காலம் வாழும் கொள்கையைவிட, ஒரு சோதனையில் நேர்மையாக வீழும் கொள்கையே அறிவுக்கு அதிகம் உதவுகிறது.